டிக்கெட் மெஷினை எங்கே வைத்துச் சோதிப்பது?

தொண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அவ்வளவு செலவு செய்து தொடுதிரை மெஷின் வைக்கிறார்கள். வைப்பதற்கு முன்னால் சோதித்துப் பார்த்திருப்பார்கள்தானே? அப்புறம் ஏன் எங்க அம்மாவால் அதில் ஒரு டிக்கெட் எடுக்க முடியவில்லை?"

சோதித்திருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கே சோதித்தார்கள், யாரை நிற்க வைத்துச் சோதித்தார்கள் என்பதுதான் கேள்வி.

நம் கரையிலேயே அதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மண்டபம் முகாமில் காரைக்குடி சிக்ரியின், அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின், துருச் சோதனை மையம் இருக்கிறது. உலோகத் தகடுகளையும் பெயின்ட் பூசிய தகடுகளையும் கடற்காற்று படும்படி சட்டங்களில் மாட்டி, மாதக்கணக்கில், சிலவற்றை வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டு, எவ்வளவு அரித்திருக்கிறது என்று அளப்பார்கள். ஆய்வகத்துக்குள் ஒரு பெட்டியில் உப்புத் தண்ணீரைப் புகையாகத் தெளித்தும் தகட்டைச் சோதிக்கலாம், சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் வெயில், இரவுப் பனி, வாடைக்காற்று, மழை எல்லாம் மாறி மாறி வருவதை அந்தப் பெட்டி காட்டாது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேடிப் போனதற்குக் காரணம், இந்தக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததுதான். அந்தப் பாலத்தைத் தாண்டி வருகிற பயணி டிக்கெட் எடுக்கிற மெஷினுக்கும் அதே அளவு அக்கறை காட்ட வேண்டும் என்பது என் கட்சி.

மெஷின் செய்கிற இடத்தை யோசித்துப் பாருங்கள். ஏசி அறை, மேசையில் விழும் வெளிச்சம் சுமார் 500 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு), சோதிப்பவர் கை காய்ந்திருக்கும், பின்னால் யாரும் "சீக்கிரம் எடுங்க" என்று சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். திரையின் கறுப்பு எழுத்தின் மேலும் வெள்ளைப் பின்னணியின் மேலும் அந்த வெளிச்சம் ஒரே மாதிரி பட்டுத் திரும்புவதால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கரைந்துபோகிறது. கண்ணில் கோளாறே இல்லாதவருக்கும் எழுத்து தெரியாது.

இன்னொன்று கை. தொடுதிரைக் கண்ணாடிக்கு அடியில் மெல்லிய மின்கம்பிக் கட்டங்கள் இருக்கின்றன. நம் விரல் மின்சாரம் கடத்தும் பொருள் என்பதால், அது பக்கத்தில் வந்தால் அந்த இடத்தின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் திறன், கொஞ்சம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் திரை 'தொடுதல்' என்று எடுத்துக்கொள்கிறது. உப்புத் தண்ணீரும் நன்றாகக் கடத்தும், அதனால் திரையில் ஒரு சொட்டு விழுந்தால் அதுவும் ஒரு விரல் மாதிரி தோன்றலாம். சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கப் போகும்போது பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள். காய்ந்த துணி கடத்தாது, அதோடு தொட்டால் திரை பேசாமல் இருக்கும். ஈரத் துணியோடு தொட்டால் தொடாத இடமெல்லாம் அமுங்கும். ராமேஸ்வரம் கோயிலில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு நனைந்த கையோடு வருகிறவர்களுக்கும் இதே கதிதான். ஏசி அறையில் இந்தக் கோளாறு ஒரு நாளும் தலைகாட்டாது.

சரி, அப்படியானால் மெஷினை நேராகப் பஸ் ஸ்டாண்டிலேயே கொண்டுபோய் வைத்துச் சோதிக்கலாமே? செய்யலாம், செய்யவும் வேண்டும். சிக்கல் என்னவென்றால் அங்கே எதையும் பிடித்து நிறுத்த முடியாது. ஒருவர் தடுமாறினால் அது வெயிலாலா, சத்தத்தாலா, எழுத்தின் அளவாலா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நாளைக்கு அதே கூட்டம், அதே வெயில் திரும்ப வராது. அதனால் நடுவில் ஒன்று வேண்டும்: நிஜ இடம் போலவே இருக்கிற, ஆனால் ஒவ்வொன்றையும் நாம் கூட்டிக் குறைக்க முடிகிற மாதிரிச் சூழல். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியர் நிக் டைலரின் குழு இதற்கென்றே 'பமேலா' என்று ஓர் ஆய்வுக்கூடம் நடத்தியது. தரையைப் பகுதி பகுதியாக உயர்த்தித் தாழ்த்தலாம், சாய்க்கலாம், விளக்கையும் மாற்றலாம். ரயில் கதவின் மாதிரி ஒன்றைச் செய்து, படி உயரத்தை மாற்றி மாற்றி மனிதர்களை ஏறி இறங்க வைத்து நேரம் எடுத்தார்கள். இப்போது டாகன்ஹாமில் 'பேர்ல்' என்று இன்னும் பெரிய கூடம் வந்திருக்கிறது. அங்கே ஒளி, ஒலியோடு வாசனையைக்கூட மாற்ற முடியும்.

இந்த மாதிரிச் சோதனைகளில் என் மனதை விட்டுப் போகாத ஒன்று ஜப்பானில் நடந்தது.

2001 நவம்பரில் கிழக்கு ஜப்பான் ரயில்வே, டிக்கெட்டுக்குப் பதிலாகக் காட்டிவிட்டுப் போகிற 'சுய்கா' அட்டையைக் கொண்டுவந்தது. அட்டைக்குள் பேட்டரி கிடையாது. நிலையத்தின் நுழைவுக் கதவில் உள்ள கருவி நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் தடவைக்கு மேல் திசை மாறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அட்டைக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அதற்குள் வரும்போது, பள்ளியில் படித்த அதே மின்காந்தத் தூண்டலால் அதில் மின்சாரம் பிறக்கிறது. அந்தத் துளி மின்சாரத்தில் அட்டையின் சில்லு (சிப்) விழித்து, கணக்கைப் பார்த்து, பணம் கழித்து, பதில் சொல்லி முடிக்க வேண்டும். மொத்தத்துக்கும் சுமார் 0.2 நொடி. புலம் எட்டும் தூரம் 10 செ.மீ. போல.

இப்போது கணக்குப் போடுங்கள். வேகமாக நடக்கிறவர் நொடிக்கு 1 மீட்டருக்கு மேல் போகிறார். கையை வீசிக்கொண்டே கடந்தால் 0.2 நொடியில் 20 செ.மீ. தாண்டிவிடுவார், சில்லு பாதி வேலையில் அணைந்துவிடும். அட்டையைப் பிடிக்கும் கோணம் அடுத்த பிரச்சினை. சுருள் கருவியின் முகத்துக்கு இணையாக இருந்தால்தான் காந்தப் புலம் முழுசாக அதன் வழியே போகும். செங்குத்தாகப் பிடித்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே போகாது. ஆய்வகத்தில் எல்லாம் அருமையாக வேலை செய்தது, ஏனென்றால் அங்கே அட்டையைப் பிடித்த ஒவ்வொருவருக்கும் இதெல்லாம் தெரியும்.

1990-களின் நடுவில் வடிவமைப்பாளர் யமனாகா ஷுன்ஜி, பல வடிவங்களில் மாதிரிக் கருவிகளைச் செய்து, டோக்கியோவின் டமாச்சி நிலையத்திலேயே நுழைவுக் கதவில் பொருத்தி, முன்பின் தெரியாதவர்களிடம் அட்டையைக் கொடுத்து நடக்கச் சொன்னார். சிலர் அட்டையைச் செங்குத்தாகக் காட்டினார்கள், சிலர் ஆட்டினார்கள், சிலருக்கு எங்கே காட்டுவது என்றே தெரியவில்லை. யாருக்கும் பாடம் எடுக்காமல், யார் எந்த மாதிரியில் நிற்காமல் போகிறார்கள் என்று கவனித்தார்கள். ஜெயித்தது, ஒளிரும் முகத்தைப் பயணியை நோக்கி 13.5 டிகிரி சாய்த்து வைத்த வடிவம்.

அந்தச் சாய்வு செய்கிற வேலையைப் பாருங்கள். தட்டையாகப் படுத்திருந்தால் அது மேசை மாதிரி, கண்ணில் படாது. கொஞ்சம் நம் பக்கம் திரும்பி, விளக்கோடு இருந்தால் கண் தானாக அங்கே போகும். கண் போன இடத்துக்குக் கை போகும். சாய்ந்த பலகையைப் பார்த்ததும் மணிக்கட்டு அதற்கு ஏற்ற மாதிரி திரும்பி அட்டை இணையாகிவிடும், கோணப் பிரச்சினை முடிந்தது. கூடவே, 'காட்டுங்கள்' என்று சொல்லாமல் 'தொடுங்கள்' என்று சொன்னார்கள். தொட்டால் கை ஒரு கணம் நிற்கும், அந்த ஒரு கணத்தில் 0.2 நொடி கிடைத்துவிடும். சில்லை வேகப்படுத்தவில்லை, புலத்தைப் பெருக்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குப் புல்லரிக்கிறது. நிஜ நிலையத்தில் நிஜப் பயணிகளை நடக்க விட்டதால் கிடைத்த எண் அந்த 13.5, காகிதத்தில் கணக்குப் போட்டால் வராது.

நம் ஊரில் இந்த வேலைக்கு யாரும் பணம் ஒதுக்குவதாகத் தெரியவில்லை. மெஷின் வாங்கப் பணம் வருகிறது, அதை மனிதர்களோடு சேர்த்துச் சோதிக்க ஒரு கொட்டகை போடச் சொன்னால் அது ஆராய்ச்சியே இல்லை என்று நினைக்கிறார்கள். மண்டபத்திலோ உச்சிப்புளியிலோ பஸ்ஸின் முன்பாதி ஒன்று, ஒரு வாளி கடல் தண்ணீர், பஸ் ஸ்டாண்டில் பதிவு செய்த சத்தம், மீன் நிரப்பிய அன்னக்கூடை இரண்டு. இவ்வளவு இருந்தால் முதல் வாரத்திலேயே பாதிக் கோளாறு வெளிவந்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நம்ம ஜனங்களுக்கு மெஷினெல்லாம் வராது" என்று படித்தவர்கள் சொல்கிறார்களே, பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்பதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையுமே யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

சோதிக்க ஆயிரம் பேர் தேவையில்லை. கருவிகளை மனிதர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த நீல்சன், லாண்டாவர் இருவரும் 1993-இல் போட்ட கணக்கில், ஒருவர் பயன்படுத்தும்போது ஒரு குறிப்பிட்ட கோளாறு வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம். 5 பேர் பயன்படுத்தினால் அது ஒருவரிடமும் வெளிப்படாமல் போகும் வாய்ப்பு 0.69-ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது, அதாவது சுமார் 16 சதவீதம்தான். ஆனால் அந்த 5 பேரும் ஒரே ஆபீஸ்காரர்களாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

வாசகரின் கடிதம் வந்ததும் நானே ஒன்று செய்து பார்த்தேன். மெஷின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அட்டையில் திரையை வரைந்து, எதிரே இருப்பவர் எதைத் தொடுகிறாரோ அதற்கேற்ற அடுத்த அட்டையை நாம் வைத்தால் போதும், வடிவமைப்பாளர்கள் உண்மையிலேயே இப்படித்தான் தொடங்குகிறார்கள். பாம்பனில் இருக்கும் என் பெரியம்மாவிடம் ஊர்ப்பட்டியல் அட்டையைக் கொடுத்து, தங்கச்சிமடத்துக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னேன். உச்சிப்புளி, தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் என்று அகரவரிசையில் எழுதியிருந்தேன். எழுத்துக்கூட்டிப் படிப்பார், அவசரமில்லை. விரல் உச்சிப்புளியில் நின்றது, அடுத்த வரியைப் பார்த்தார், மறுபடியும் மேலே போனார்.

"ஏய்யா, உச்சிப்புளி தாண்டுனதும் தங்கச்சிமடம் எப்பிடி வரும்? பாலம் ஏற வேணாமா?"

அட்டையைத் திருப்பி, பஸ் போகிற வரிசையில் ஊர்களை எழுதிக் கொடுத்தேன். உச்சிப்புளி, மண்டபம், பாம்பன் என்று அவர் விரல் ஒவ்வொரு ஸ்டாப்பாக இறங்கி, தங்கச்சிமடத்தில் வந்து நின்றது.