12 வோல்ட்டுதானே என்று இனியும் சொல்லாதீர்கள்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் கோத்தா திங்கிப் பக்கம் டுரியான் தோட்டத்துக்குள் மின்கம்பம் எட்டாத சிறு குடில் ஒன்றை வைத்துக்கொண்டு, வார இறுதிகளில் சிங்கப்பூரிலிருந்து போய்த் தங்கிவரும் நம்மவர்கள் என்னிடம் காட்டும் கருகிய கேபிள்களைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்துபோன நிலையில் இதை எழுதுகிறேன். அண்மையில் வந்தது 2,000 வாட் இன்வெர்ட்டர் ஒன்று, அதாவது பேட்டரி மின்சாரத்தை வீட்டு 230 வோல்ட்டாக மாற்றும் பெட்டி. அதை 12 வோல்ட் லித்தியம் பேட்டரியோடு இணைத்திருந்தது, வீட்டில் 13 ஆம்பியர் சாக்கெட்டுக்கு இழுக்கும் அதே 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். நேர்முனையில் லக் (கேபிள் நுனியில் பொருத்தும் உலோக வளையம்) இல்லை; செம்பு இழைகளை முறுக்கி நட்டுக்கு அடியில் செருகி, நட்டைக் கையாலேயே இறுக்கியிருந்தார்கள். வயரின் உறை அங்கே உருகி வழிந்து, பேட்டரியின் மேல்மூடியில் பழுப்பாக ஒட்டிக் கிடந்தது. ஃபியூஸ் எங்கே என்று கேட்டேன். "12 வோல்ட்டுதானே அண்ணே, தொட்டாக்கூட ஷாக் அடிக்காதே!" என்றார் உரிமையாளர்.

உலர்ந்த கையால் தொட்டால் 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் குடிலை எரிப்பது வோல்ட் அன்று, ஆம்பியர். வீட்டில் 230 வோல்ட்டில் 2,000 வாட் கெட்டில் ஒன்று 9 ஆம்பியருக்கும் குறைவாகவே இழுக்கிறது. அதே கெட்டிலை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால், கணக்குப்படியே 167 ஆம்பியர் வேண்டும், இன்வெர்ட்டருக்குள் வீணாவதையும் சேர்த்தால் 180ஐத் தாண்டிவிடும். வோல்ட் குறையக் குறைய கேபிள் தடிக்க வேண்டும் என்ற இந்த ஒன்றைத்தான் பலரும் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். ஒரு மீட்டர் தூரத்துக்கே 50 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கேபிளும், அதற்குரிய கருவியால் நசுக்கிப் பொருத்திய லக்கும் தேவைப்படும் வேலை இது. இன்வெர்ட்டர் பெட்டிக்குள் இலவசமாக வரும் மெல்லிய கேபிளை நம்பாதீர்கள். பல நேரம் அது முழுச் சுமைக்குப் போதாது. அதே 12 வோல்ட் பேட்டரியின் இரு முனைகளையும் ஒரு ஸ்பேனர் குறுக்கே தொட்டுவிட்டால் பாயும் மின்னோட்டம் ஆயிரக்கணக்கான ஆம்பியரை எட்டக்கூடும். மோதிரமோ காப்போ அந்த வழியில் சிக்கினால் கணத்தில் பழுக்கக் காய்ந்து, விரலைச் சதைவரை சுட்டுவிடும். கைநகைகளைக் கழற்றி வைத்துவிட்டுப் பேட்டரியை நெருங்குங்கள்.

ஃபியூஸ் இன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்கு அன்று, கேபிளைக் காப்பாற்றுவதற்கு. ஆகவே அதன் இடம் பேட்டரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரி என்றால் 'கிளாஸ் T' (Class T) வகையைத் தேடி வாங்குங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மின்பெட்டியில் இருப்பது போன்ற எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்சு) ஒன்றை வாங்கிப் பேட்டரிப் பக்கம் மாட்டுபவர்களையும் பார்க்கிறேன். பேட்டரி தரும் நேர்மின்னோட்டத்துக்கென்று (DC) குறிக்கப்படாத எம்சிபியை அங்கே வைக்கவே வைக்காதீர்கள்.

இன்வெர்ட்டரின் மறுபக்கத்தில் வருவது ஆளைக் கொல்லும் 230 வோல்ட். சிங்கப்பூர் வீடுகளில் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இருந்தே ஆக வேண்டும் என்பதால், அது சத்தமில்லாமல் நம்மைக் காத்துவருவதையே மறந்துவிட்டோம். புலாவ் உபின் தீவை விட்டால், தேசிய மின்கட்டமைப்புக்கு வெளியே வாழ்ந்து பழகியவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. குடிலில் ஆர்சிசிபியை வாங்கி மாட்டியவர்கள்கூட, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுந்ததும் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். நியூட்ரல் (மின்சாரம் திரும்பிவரும் கம்பி) எர்த்தோடு (மண்ணோடு இணையும் கம்பி) இணைக்கப்படாத இன்வெர்ட்டரிலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும், ஏனெனில் அதன் சுற்றுக்கு எர்த்தே தேவையில்லை. ஆனால் அப்படிப்பட்ட அமைப்பில் மனிதர் ஒருவர் வழியாக மின்சாரம் மண்ணுக்குக் கசியும்போது அது விழும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. நியூட்ரலை எர்த்தோடு இணைப்பது சில இன்வெர்ட்டர்களில் அனுமதிக்கப்பட்டது, சிலவற்றில் இன்வெர்ட்டரையே எரித்துவிடும். கையேட்டைப் படிக்காமல் தொடாதீர்கள்.

ஈய-அமில பேட்டரியை மூடிய அலமாரிக்குள்ளோ கட்டிலுக்கு அடியிலோ வைக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது வெளியேறும் ஹைட்ரஜன் காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறியில் தீப்பற்றும். ஜெனரேட்டரை இன்வெர்ட்டரின் வெளியீட்டு சாக்கெட்டில் ஒருபோதும் செருகாதீர்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இணைக்கும் மாற்றுச் சுவிட்சு வேண்டும். கெட்டில், ரைஸ் குக்கர் போன்ற சூடேற்றும் சாதனங்களின் வேலையை அடுப்பிடம் விட்டுவிடுங்கள். விளக்கு, மின்விசிறி, கைப்பேசி ஆகியவற்றுக்கு 300 வாட் இன்வெர்ட்டரே தாராளம்.

ஏற்கெனவே பொருத்திவிட்டவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போகும்போது வழக்கமான சுமையை அரைமணி நேரம் ஓட்டுங்கள். பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரி முனைகளை ஒட்டியுள்ள கேபிள் உறையின்மேல் புறங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ, உறை நிறம் மாறியிருந்தாலோ, அன்றே பேட்டரியைக் கழற்றிவிட்டு, அங்குள்ள பதிவுபெற்ற மின்பணியாளரை வரவழையுங்கள். பிள்ளைகள் தூங்கும் குடில் என்றால், அவர் வந்து பார்க்கும்வரை டார்ச்லைட்டே போதும்.