"ஒண்டுமில்லை மிஸ்" என்கிற பிள்ளை என்ன பாட்டுக் கேட்கிறது?

கொழும்பில் 11 வருடங்களாக உளவளத்துணையாளராக இருக்கிறேன். என்னிடம் வருகிற இளம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் ஒரே பதிலோடுதான் தொடங்குவார்கள். "ஒண்டுமில்லை மிஸ்." வெளியே கதிரையில் அம்மா அழுதுகொண்டிருப்பார். உள்ளே பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தவறு செய்தேன். வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் மகனைக் கூட்டிவந்தார். இரவிரவாக ராப் கேட்கிறான், படிப்பதில்லை என்பது முறைப்பாடு. அவனுடைய போனில் ஒரு பாட்டை ஒரு நிமிடம் கேட்டேன். கெட்ட வார்த்தை காதில் விழுந்தது. "இதைக் குறைத்துக்கொள்ளுங்கோ தம்பி, நித்திரை சரியாகும்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான், பிறகு வரவேயில்லை. அந்தப் பாட்டில் எந்த வரிக்காக அவன் விழித்திருந்தான் என்று நான் கேட்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அடையாளம் தெரியாதபடி மாற்றி, சம்மதம் வாங்கிச் சொல்கிற இன்னொரு கதை இது. மலையகத்தில் ஹட்டன் பக்கத்துப் பையன், 19 வயது. புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் வேலை, மேல்மாடி அறையில் ஆறு பேரோடு தங்கல். சாப்பாடு இறங்கவில்லை என்று அக்கா கூட்டிவந்தார். முதல் மூன்று தடவையும் வாயே திறக்கவில்லை. நான்காவது தடவை, "தம்பி, கடை பூட்டின பிறகு என்ன பாட்டுக் கேட்பீங்க?" என்றேன். 2021இல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யைப் போட்டான். அதில் அறிவு என்ற ராப் பாடகர் பாடுகிற இடம் வந்ததும் சத்தத்தைக் கூட்டினான்.

அறிவின் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அப்படி உழைத்த லட்சக்கணக்கானவர்களை இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. இந்த வரலாறெல்லாம் பையனுக்குத் தெரியாது. ஆனால் பாட்டு முடிந்ததும் சொன்னான்: "எங்க அம்மாயி கூடையோட ஏறுற மலை ஞாபகம் வருது மிஸ்." அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் பேசினான். இரண்டு தீபாவளிக்கு ஊருக்குப் போகாதது, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயன் அறையின் கூரை, அனுப்புகிற காசு எதற்கும் போதாதது எல்லாம் வந்தது.

பொருளுள்ள வரிக்கு இதைச் செய்யமுடிகிறது. "எனக்கு வலிக்கிறது" என்று சொல்ல வெட்கப்படுகிற பிள்ளை, "இந்த வரியைக் கேளுங்கோ" என்று சொல்லிவிடும். சொல்வது பாட்டுதானே, தான் இல்லையே என்ற பாதுகாப்பு அதில் இருக்கிறது. நம் ஊரில் ஒப்பாரியும் இப்படித்தான். சும்மா பேசினால் வாயில் வராத குறையெல்லாம் ராகம் போட்டால் வந்துவிடும். ராப்பில் இன்னும் வசதி, குரல் வளம் தேவையில்லை. பேசத் தெரிந்தால் போதும், தாளத்தைப் பிடித்துக்கொண்டால் வார்த்தை தானாக வரும்.

துறைக்குள்ளும் இது புதிதில்லை. எட்கர் டைசன் என்ற அமெரிக்க சமூகப் பணியாளர், ராப் வரிகளை வைத்து இளைஞர் குழுக்களோடு வேலை செய்ததை 2002இல் எழுதினார். 'ஹிப்ஹொப் தெரபி' என்ற பெயர் அப்படிப் பரவியதுதான். அதற்கு முன்னே, 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் மாணவர்களை நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், மனதைக் கஷ்டப்படுத்திய விஷயத்தை எழுதவைத்தார். உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்தது.

என்னை மிகவும் யோசிக்கவைத்தது வேறொன்று. லொஜிக் என்ற ராப்பர் 2017இல் வெளியிட்ட பாட்டின் தலைப்பே அமெரிக்கத் தற்கொலைத் தடுப்புத் தொலைபேசி இலக்கம்தான். நம்பிக்கையிழந்த ஒருவன் அழைக்கிறான், மறுமுனையில் இருப்பவர் பேசுகிறார், முடிவில் அவன் வாழ விரும்புகிறான். அந்தப் பாட்டு அதிகம் பேசப்பட்ட 34 நாட்களை ஆராய்ந்து 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்தது. எதிர்பார்த்ததைவிட அந்த இலக்கத்துக்கு 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்திருந்தன, தற்கொலைகள் 245 குறைந்திருந்தன. பாட்டு மட்டுமே காரணம் என்று யாரும் அடித்துச் சொல்லமுடியாது. ஆனாலும் இந்த எண்களை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை. நம் நாட்டில் அப்படி அழைப்பதற்கு 1926 இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இருபத்துநான்கு மணிநேரமும் எடுப்பார்கள். போனில் பதிந்துவையுங்கள்.

சரி, எல்லா ராப்பும் நல்லதா? இல்லை. கெட்ட வார்த்தைக்கு நான் இப்போது அவ்வளவு பயப்படுவதில்லை. கோபத்தில் வருகிற வார்த்தை அது, கோபத்துக்குக் காரணம் இருக்கும். எனக்குப் பயம், கார், சங்கிலி, சப்பாத்து என்று விலைப்பட்டியல் மாதிரி ஓடுகிற பாட்டில்தான். கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் இருக்கிற பிள்ளைக்கு அது "உன்னிடம் இல்லை" என்பதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்கிறது. பெண்பிள்ளையைப் பொருளாகப் பேசுகிற வரியை என் அறையில் ஒருபோதும் சும்மா விடமாட்டேன். "உங்கட தங்கச்சிக்கு முன்னால இதைப் பாடுவீங்களா?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது, ஆனால் அடுத்த தடவை வேறு பாட்டோடு வருவார்கள்.

பெற்றோரே, ஹெட்போனைப் பறிப்பதற்கு முன்னால் ஒரு பக்கத்தை வாங்கி உங்கள் காதில் வையுங்கள். முழுப் பாட்டையும் கேளுங்கள். "இதில் உனக்குப் பிடித்த வரி எது?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இருங்கள். அறிவுரை வேண்டாம். அப்புறம், எழுதுகிற தம்பி தங்கைகளே, உங்கள் தெருவின் பெயரை எழுதுங்கள். கிருஷான் மகேசன் போன்றவர்கள் இந்த நாட்டிலிருந்தே தமிழில் ராப் செய்தார்கள், நீங்கள் அமெரிக்கத் தெருவைக் கடன் வாங்கத் தேவையில்லை.

புடவைக்கடைப் பையன் இப்போது எழுதுகிறான். போன மாதம் கடை பில்லின் பின்பக்கத்தில் எட்டு வரியோடு வந்தான். "லயன்" என்ற வார்த்தையை எடுத்துவிடட்டுமா, அறையில் மற்றவர்கள் சிரிக்கிறார்கள் என்று கேட்டான். நீங்களே முடிவு பண்ணுங்க என்றேன். ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்த்தான். பிறகு பேனையை வாங்கி, அந்த வார்த்தைக்கு அடியில் கோடு போட்டு, பில்லை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.