ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது, சரி. டிப்ளாய் முடிந்ததா?

“சில பேருக்கு மட்டும் பழைய ரேட் காட்டுது சார். எங்களுக்கு எல்லாம் சரியாத்தான் வருது. அவங்க பிரவுசர்லதான் ஏதோ பிரச்சினை.”

இதை இன்னொரு முறை கேட்கும் பொறுமை எனக்கு இல்லை, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடைசியாக இப்படிச் சொன்னது ஆன்லைனில் துணி விற்கும் ஒரு நிறுவனம். வருபவர்களைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சருக்குப் பின்னால் நான்கு சர்வர்கள். டெலிவரி கட்டணத்தை மாற்றி வெள்ளிக்கிழமை மாலை டிப்ளாய் செய்திருக்கிறார்கள், அதாவது புதிய கோடைச் சர்வர்களில் ஏற்றியிருக்கிறார்கள். மூன்றாவது சர்வரில் யாரும் சுத்தம் செய்யாத லாக் கோப்புகளால் டிஸ்க் நிரம்பிக் கிடந்தது, அதில் மட்டும் புதிய கோட் ஏறவில்லை. வார இறுதி முழுக்க ஏறக்குறைய நான்கில் ஒரு வாடிக்கையாளருக்குப் பழைய கட்டணம். புகார் சொன்ன ஒவ்வொருவருக்கும் “கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க” என்று பதில் போயிருக்கிறது.

வாடிக்கையாளரைக் குறை சொல்வதற்கு முன்னால் உங்கள் சர்வர்களைப் பாருங்கள். தயவுசெய்து.

அந்தக் குழுவில் யாரும் சோம்பேறிகள் இல்லை. டிப்ளாய் முடிந்ததும் தளத்தைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், பலமுறை ரிஃப்ரெஷும் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய லோட் பேலன்சர், ஒருமுறை ஒரு சர்வருக்கு அனுப்பிய பிரவுசரைக் குக்கீயை வைத்து மறுபடியும் அதே சர்வருக்கே அனுப்பும்படி அமைக்கப்பட்டிருந்தது. நூறு முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் அவர்கள் பார்த்தது ஒரே ஒரு சர்வரைத்தான். டொமைன் பெயரைத் தட்டித் தளத்தைத் திறந்து பார்ப்பது பல சர்வர் அமைப்பில் சோதனையே ஆகாது.

“ஸ்கிரிப்ட் எரர் எதுவும் தரலையே?” என்று கேட்டார்கள். தராது. நான்கு சர்வர்களுக்கும் வரிசையாகக் காப்பி செய்யும் சாதாரண ஷெல் லூப் அது. மூன்றாவதில் தோற்று நான்காவதில் வென்றால், கடைசிக் கட்டளையின் முடிவுதான் முழு லூப்பின் முடிவாக வெளியே வரும். இடையில் ஓடிய எரர் வரி திரையில் மேலே போய்விட்டது. முதல் தோல்வியிலேயே நிற்கும்படி ஸ்கிரிப்டை மாற்றினால் போதுமா என்றால், அதுவும் போதாது. அப்போது இரண்டு சர்வர் புதிது, இரண்டு பழையது என்று நிற்கும், அந்த நிலையிலிருந்து முன்னே போவதா பின்னே போவதா என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். பல சர்வர்களில் வேலையைத் தானாகச் செய்யும் அன்சிபிள் கருவியைப் பயன்படுத்துகிறோம், எங்களுக்குக் கவலையில்லை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தொடர்பு கிடைக்காத சர்வரை அது இயல்பாகவே ஒதுக்கிவிட்டு மற்றவற்றில் வேலையைத் தொடரும். முடிவில் வரும் சுருக்கத்தில் அது பதிவாகியிருக்கும். அந்தச் சுருக்கத்தைப் படிக்கிறீர்களா?

என்னை அதிகம் எரிச்சலூட்டும் நம்பிக்கை ஒன்று உண்டு. கோப்பு போய்ச் சேர்ந்துவிட்டால் புதிய வெர்ஷன் ஓடுகிறது என்ற நம்பிக்கை. இல்லை. டிஸ்கில் இருப்பது வேறு, நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது வேறு. ஜாவா, நோட், பைத்தான் எதுவானாலும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல், அதாவது புராசஸ், ஏற்கெனவே ஏற்றிக்கொண்ட கோடைத்தான் ரீஸ்டார்ட் ஆகும்வரை ஓட்டும். பி.எச்.பி.க்கு இந்தத் தொல்லை இல்லை என்று சொல்பவர்கள், தயாரான கோடை நினைவகத்தில் சேமித்து வைக்கும் ஓபிகேஷை மறந்துவிடுகிறார்கள். வேகத்துக்காக, கோப்பு மாறியதா என்று பார்க்கும் வசதியை அணைத்து வைப்பது புரொடக்‌ஷனில் வழக்கம். அணைத்தபின் நீங்கள் எத்தனை கோப்பை மாற்றினாலும் அது திரும்பிப் பார்க்காது. வரிசையில் காத்திருக்கும் வேலைகளைப் பின்னணியில் செய்யும் க்யூ வொர்க்கர் இன்னும் மோசம். வெப் பக்கம் புதிய கோடில் இருக்கும், பின்னால் மின்னஞ்சலும் இன்வாய்ஸும் அனுப்பும் வொர்க்கர் போன மாதக் கோடில் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும். லாராவெல் என்ற பி.எச்.பி. ஃபிரேம்வொர்க்கில் வொர்க்கர்களை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லித் தனிக் கட்டளையே இருக்கிறது, டிப்ளாய் ஸ்கிரிப்டில் அதைச் சேர்த்த குழுக்களை நான் குறைவாகத்தான் பார்க்கிறேன்.

ஆகவே கேட்க வேண்டியது கோப்பை அல்ல, ஓடும் புராசஸை. கோடை ஓடத் தயாரான வடிவமாக பில்ட் செய்யும்போதே, அது கோடின் எந்த நிலை என்று காட்டும் கமிட் எண்ணை உள்ளே பதித்துவிடுங்கள். அப்ளிகேஷன் தொடங்கும்போது ஒருமுறை அதைப் படித்து வைத்துக்கொள்ளட்டும். யாராவது கேட்டால், இதற்கென வைத்த ஒரு சிறிய வெர்ஷன் முகவரியில் (URL) அதைத் திருப்பிச் சொல்லட்டும். கேட்கும்போதெல்லாம் டிஸ்கிலிருந்து படித்துச் சொல்லும்படி எழுதிவிட்டால் பழைய புராசஸும் புதிய எண்ணையே சொல்லும், செய்த வேலை வீண். பிறகு லோட் பேலன்சரைத் தவிர்த்து, ஒவ்வொரு சர்வரையும் அதன் சொந்த ஐ.பி.யில் கேட்டு எல்லா எண்களும் ஒன்றா என்று ஸ்கிரிப்டே ஒப்பிட வேண்டும். ஒன்று பொருந்தாவிட்டாலும் டிப்ளாய் தோல்வி என்று உரக்கச் சொல்ல வேண்டும். வொர்க்கர்கள் தொடங்கும்போது இதே எண்ணை லாகில் எழுதட்டும்.

நான் பெரிதுபடுத்துகிறேன் என்று தோன்றினால், நைட் கேப்பிடல் கதையைப் படியுங்கள். அமெரிக்கப் பங்குச் சந்தையில் பெரிய அளவில் வணிகம் செய்த நிறுவனம் அது. 2012 ஜூலை இறுதியில் 8 சர்வர்களில் புதிய கோடை ஏற்றினார்கள். ஒன்றில் காப்பி செய்ய ஒரு டெக்னீஷியன் தவறிவிட்டார். 2003-லேயே பயன்பாட்டை நிறுத்திய ‘பவர் பெக்’ என்ற பழைய வசதி அந்த எட்டாவது சர்வரில் அப்படியே கிடந்தது. புதிய கோடோ, அந்தப் பழைய வசதியை இயக்கிவந்த அதே ஃபிளாகை, அதாவது சுவிட்ச் போன்ற குறியை, வேறு வேலைக்கு மறுபடியும் எடுத்துக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும் எட்டாவது சர்வர் அந்த ஃபிளாகைப் பார்த்துப் பழைய வேலையைத் தொடங்கியது. ஏறக்குறைய 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள், 46 கோடி டாலருக்கு மேல் நட்டம். அடுத்த ஆண்டே அது வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது. 2013 அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 1.2 கோடி டாலர் அபராதமும் விதித்தது.

அந்த ஆணையத்தின் உத்தரவில் எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயங்கள் இரண்டு. சந்தை திறப்பதற்கு முன்பே பவர் பெக் பெயரைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்கள் உள்ளுக்குள் போயிருக்கின்றன. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை அல்ல, யாரும் அவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. உங்கள் குழுவின் மின்னஞ்சல் பெட்டியில் படிக்காமல் ஃபில்டர் போட்டு ஒதுக்கிய தானியங்கி அறிவிப்புகள் எத்தனை என்று இன்றைக்கே பாருங்கள்.

இன்னொன்று ரோல்பேக், அதாவது பழைய வெர்ஷனுக்கே திரும்புவது. பிரச்சினை வந்ததும் சரியாக ஏறியிருந்த 7 சர்வர்களிலிருந்து புதிய கோடை நீக்கினார்கள். ஃபிளாகோடு ஆர்டர்கள் வந்தபடியே இருந்ததால் அந்த ஏழும் பழைய வேலையைத் தொடங்கிவிட்டன. “ஏதாவது ஆனா பழைய வெர்ஷனைப் போட்டுக்கலாம்” என்று எளிதாகச் சொல்கிறோம். இடையில் டேட்டாபேஸ் மாறியிருந்தால்? வெளியிலிருந்து வரும் தகவலின் வடிவம் மாறியிருந்தால்? பழைய கோடுக்கு அந்தப் புதிய உலகம் தெரியாது. ரோல்பேக்கை ஸ்டேஜிங் என்ற ஒத்திகைச் சர்வரில் நிஜமாகச் செய்து பார்க்காதவர்களுக்கு ரோல்பேக் இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

சர்வர்களை ஒவ்வொன்றாக மாற்றும்போது சில நிமிடமாவது பழையதும் புதியதும் ஒரே டேட்டாபேஸைத் தொட்டுக்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்க முடியாது, ஏற்றுக்கொண்டுதான் எழுத வேண்டும். டேபிளின் நெடுவரிசை (column) ஒன்றின் பெயரை மாற்றும் மைக்ரேஷனை, அதாவது டேட்டாபேஸ் மாற்றத்தை, கோடோடு சேர்த்து ஒரே டிப்ளாயில் அனுப்பாதீர்கள். முதலில் புதிய நெடுவரிசையைச் சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள். பழைய தரவை நகர்த்தியபின் புதியதிலிருந்து படியுங்கள். எல்லா சர்வரும் மாறியது உறுதியான பிறகு, தனி டிப்ளாயில் பழையதை நீக்குங்கள். நாலு தடவை போக வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்ளும் மேனேஜர்களுக்கு: ஆமாம், போகத்தான் வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட், சி.எஸ்.எஸ். கோப்புகளிலும் இதே சிக்கல் உண்டு. பழைய பக்கத்தைத் திறந்து வைத்திருப்பவர் பழைய கோப்பைக் கேட்பார், முந்தைய வெர்ஷனின் கோப்புகளை உடனே அழிக்காதீர்கள்.

ஆட்டோஸ்கேலிங் வைத்திருப்பவர்கள் இதையும் பாருங்கள். கூட்டம் கூடும்போது தானாக முளைக்கும் சர்வர் எந்த இமேஜிலிருந்து, அதாவது எந்த அச்சுப்பிரதியிலிருந்து, வருகிறது? இருக்கும் சர்வர்களில் மட்டும் கோடை மாற்றிவிட்டு இமேஜை அப்படியே விட்டிருந்தால், தீபாவளி விற்பனை அன்றுதான் பழைய வெர்ஷன் எழுந்து வரும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? சர்வருக்குள் நுழைந்து கையால் கிட் புல் அடித்துப் புதிய கோடை இழுப்பதை நிறுத்துங்கள். ஒருமுறை பில்ட் செய்து அதே பொருளை எல்லா இடத்துக்கும் அனுப்புங்கள், சர்வருக்குச் சர்வர் தனியாக பில்ட் செய்யாதீர்கள். முதலில் ஒரே ஒரு சர்வர். அதன் எரர் அளவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்தது. ஒரே நேரத்தில் எல்லா இடத்துக்கும் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு பல தளங்களுக்கு முன்னால் நின்று பாதுகாப்பும் வேகமும் தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் 2019 ஜூலை 2 அனுபவம் சாட்சி: ஃபயர்வால் விதி ஒன்றை உலகம் முழுக்க ஒரே வீச்சில் அனுப்பினார்கள், எழுத்து வடிவங்களைத் தேட அதிலிருந்த ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் சி.பி.யு.வை விழுங்கி, அவர்களை நம்பியிருந்த தளங்கள் ஏறக்குறைய அரை மணி நேரம் முடங்கின. டிஸ்க் இடத்தைத் தொடங்கும் முன்பே ஸ்கிரிப்ட் சோதிக்கட்டும். வெள்ளி மாலை அனுப்புவதென்றால் சனிக்கிழமை யார் போன் எடுப்பார் என்று பெயர் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

குழுத் தலைவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையனையோ பெண்ணையோ இரவு பத்து மணிக்குத் தனியாக உட்காரவைத்து டிப்ளாய் செய்யச் சொல்லாதீர்கள். நைட் கேப்பிடலில் அந்தக் காப்பி வேலையை இரண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை, அப்படிச் சரிபார்க்கச் சொல்லும் எழுத்துபூர்வ நடைமுறையும் இல்லை என்றுதான் ஆணையம் எழுதியிருக்கிறது. அந்த டெக்னீஷியன் ஒரு சர்வரை விட்டுவிட்டார், விட்டதைக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டை நிறுவனம் செய்யவில்லை. உங்கள் குழுவில் அந்த இரண்டாவது ஆள் யார் என்று நாளைக் காலைக் கூட்டத்தில் கேளுங்கள். இப்போது எந்தெந்த சர்வரில் எந்த கமிட் ஓடுகிறது என்றும் சேர்த்துக் கேளுங்கள். “பார்த்துச் சொல்றேன்” என்று பதில் வந்தால், அடுத்த டிப்ளாயைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அந்த வெர்ஷன் முகவரியை எழுதச் சொல்லுங்கள்.