சத்தம் கூடக் கூடச் சொல் விளங்குவதில்லை

2009க்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் எழுந்த பொதுநோக்கு மண்டபங்களுக்கு ஒலியமைப்புச் செய்யப் போனால், முதலில் வரும் கேள்வி "இன்னும் இரண்டு ஸ்பீக்கர் போடேலாதோ?" என்பதுதான். அங்கே பேச்சு விளங்காததற்குப் பெரும்பாலும் காரணம் சத்தக் குறைவன்று, எதிர்முழக்கம். பூசிய சுவரிலும் ஓடு பதித்த தரையிலும் கொங்கிறீற் தட்டிலும் பட்ட ஒலி சிறிதே தணிந்து திரும்புகிறது. ஸ்பீக்கரைக் கூட்டினால் அதுவும் சேர்ந்தே கூடும்.

ஒலி 60 டெசிபல் தணிய எடுக்கும் நேரமே எதிர்முழக்க நேரம். 1890களின் பிற்பகுதியில், ஹார்வர்டில் பேச்சு விளங்காத விரிவுரை மண்டபமொன்றை ஆராய்ந்த அமெரிக்க பௌதிகவியலாளர் வாலஸ் சபின், இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி அளந்து இதற்கொரு சூத்திரம் கண்டார்: கன மீற்றரில் மண்டபத்தின் கொள்ளளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் (ஒவ்வொரு பரப்பின் சதுர மீற்றரையும் அது உறிஞ்சும் பங்கால் பெருக்கிக் கூட்டியது) வகுக்க வேண்டும். உறிஞ்சலுக்கு அவர் கொண்ட அலகு திறந்த யன்னல்; வெளியே போன ஒலி திரும்பாதல்லவா?

20 மீற்றர் நீளம், 10 அகலம், 5 உயரமுள்ள மண்டபத்தின் பரப்புகள் 3 சதவீதம் உறிஞ்சுவதாகக் கொண்டால், யன்னல்களைச் சாத்திய வெறும் மண்டபத்தில் இந்த நேரம் 7 வினாடியைத் தாண்டும். 20 சதுர மீற்றர் யன்னலைத் திறந்தால் 4 வினாடி. அதோடு 200 பேர் வந்து அமர்ந்தால், உடலும் உடையும் ஒலியை உறிஞ்சுவதால், ஏறத்தாழ 1.2. ஆகவே காலையில் வெறும் மண்டபத்தில் மைக் சோதித்து வைத்த அளவு மாலைக் கூட்டத்துக்குப் பொருந்தாது.

பேச்சுக்கு ஒரு வினாடிக்குள் இருப்பது நல்லது. நேரம் நீண்டால் முன்சென்ற உயிரொலியின் முழக்கம் அடுத்த வல்லினத்தை மூடிவிட, "பத்து" எது, "பட்டு" எது என்று பின்வரிசைக்குத் தெரியாது. நாதஸ்வர ஆலாபனைக்கோ 1.5 முதல் 2 வினாடி வரை சுகமாகவே இருக்கும். ஆனால் அதே மண்டபத்தில் தவிலின் விரைவுச் சொற்கள் கலங்கிப்போகும். திறந்தவெளியில் ஆடிப் பழகிய கூத்தை உள்ளே கொண்டுவரும்போது மத்தளத்துக்கும் இந்தக் கதியே.

பணமில்லாத சங்கங்களுக்கு நான் சொல்வது: ஸ்பீக்கரைப் பின்சுவரை நோக்கி வைக்காமல் ஆட்களை நோக்கிச் சரியுங்கள், மைக்கை வாயருகே பிடியுங்கள், பின்சுவரில் கனத்த துணியை, சுவரிலிருந்து 10 சென்ரிமீற்றர் தள்ளி, மடிப்புகளோடு தொங்கவிடுங்கள். முட்டைத் தட்டு ஒட்டுவது வீண்வேலை. அறிவிப்பு நடக்கும்போதாவது மிக்சரில் எக்கோவை நிறுத்திவிடுங்கள். மண்டபமே அதை வேண்டியமட்டும் தருகிறது.