மலையேறிய மால்பெக்

மால்பெக் என்னும் கருந்திராட்சை பிரான்சின் தென்மேற்குப் பகுதியைச் சேர்ந்தது. அங்குள்ள கஹோர் வட்டாரம் நெடுங்காலமாக அதற்குப் பெயர்பெற்றது. 1853இல் மிஷேல் எமே பூஜே என்ற பிரெஞ்சு வேளாண் வல்லுநர் அதை அர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்குக் கொண்டுவந்தார். சொந்த மண்ணில் உறைபனிக்கு எளிதில் இரையாகி, 1956ஆம் ஆண்டின் கடுங்குளிரில் பெருமளவு பட்டுப்போன அந்தக் கொடி, ஆண்டிஸ் மலையடிவாரத்தின் வறண்ட நிலத்தில் செழித்தது. இன்று உலகிலுள்ள மால்பெக் கொடிகளில் பெரும்பங்கு அர்ஜென்டினாவில்தான் இருக்கிறது. அந்நாட்டு ஒயின் புட்டிகள் சிலவற்றில் தோட்டத்தின் உயரத்தையே மீட்டர் கணக்கில் பெருமையாக அச்சிடுகிறார்கள். அந்த எண் ஒயினின் சுவையைப் பற்றி உண்மையில் எவ்வளவு சொல்கிறது என்பதே இங்கு நாம் பார்க்க வேண்டியது.

மெண்டோசா நகரம் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஆண்டிஸை நோக்கிச் சென்றால், 1,000 மீட்டரை ஒட்டி லுஹான் தே குயோவின் பழந்தோட்டங்கள் வரும். தென்மேற்கே ஊகோ பள்ளத்தாக்கில் குவால்தஷாரி போன்ற இடங்கள் 1,500 மீட்டரையும் தொடுகின்றன. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் காற்றின் வெப்பம் சராசரியாக ஆறரைப் பாகை செல்சியஸ் குறைகிறது. ஆகவே நகரத்துக்கும் குவால்தஷாரிக்கும் இடையே நான்கைந்து பாகை வித்தியாசம் இருக்கும். கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றினாலும், பழம் பழுப்பதை வாரக்கணக்கில் தள்ளிப்போட அது போதும்.

இரவுக் குளிருக்கு உயரம் மட்டும் காரணமன்று. பசிபிக் பெருங்கடலின் ஈரத்தை ஆண்டிஸ் தடுத்துவிடுவதால் மெண்டோசா ஒரு மழை மறைவுப் பிரதேசம். ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான், பாசனமோ பனி உருகி வரும் ஆற்று நீரை நம்பியது. ஈரமற்ற காற்றும் மேகமற்ற வானமும் பகலில் நிலம் வாங்கிய வெப்பத்தை இரவில் தடையின்றி வெளியேற விடுகின்றன. இதன் விளைவைப் பழத்தின் புளிப்பில் காணலாம். திராட்சையில் உள்ள மாலிக் அமிலத்தைப் பழம் தன் சுவாசத்துக்கு எரிபொருளாகச் செலவழிக்கிறது. வெப்பம் மிகுந்தால் இந்தச் செலவும் மிகும். குளிர்ந்த இரவுகளில் சுவாசம் மந்தப்படுவதால் அமிலம் எஞ்சுகிறது. சமவெளி மால்பெக் ஜாம் போல் கனத்து இனிக்கையில், மேட்டு நிலத்து மால்பெக்கில் ஒரு துடிப்பான புளிப்பு தெரிவதற்கு இது முதன்மையான காரணம்.

அடுத்தது ஒளி. மேலே செல்லச் செல்லக் காற்றுப் போர்வை மெலிவதால் புற ஊதாக் கதிர்கள் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு கூடுகின்றன. வெயிலுக்கு நாம் தோல் கறுப்பதைப் போல, திராட்சையும் தன் தோலில் அந்தோசயனின் நிறமிகளையும் ஃபீனால் சேர்மங்களையும் கூடுதலாகச் சேர்த்துத் தற்காத்துக்கொள்கிறது. மெண்டோசாவின் குயோ தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உயரமான தோட்டமொன்றில் புற ஊதா-பி கதிரைத் தடுக்கும் பிளாஸ்டிக் விரிப்புகளின் கீழே மால்பெக்கை வளர்த்துப் பார்த்தனர். கதிர் படாத பழங்களின் தோலில் இச்சேர்மங்கள் குறைந்தே இருந்தன. கதிர் பட்ட பழங்களோ உருவில் சிறியவை. பழம் சிறுத்தால் சாற்றோடு ஒப்பிடத் தோலின் பங்கு கூடும். நிறமும் டானின் என்னும் ஃபீனால் சேர்மமும் தோலில் நிறைந்திருப்பதால் ஒயின் அடர்ந்து கறுக்கும். டானின் நாவில் உண்டாக்கும் அந்த இழுப்புக்கு அறுசுவையில் ஓர் இடமே ஒதுக்கி, துவர்ப்பு என்று பெயரிட்டு வைத்திருக்கிறோம். இதை விளக்கத் தமிழில் சிரமப்பட வேண்டியதில்லை.

ஆனால் உயரத்தை மட்டும் அளவுகோலாக்குவது தவறு. வடக்கே சால்டா மாநிலத்தின் கஃபஷாதே ஏறத்தாழ 1,700 மீட்டரில் இருந்தும், நிலநடுக்கோட்டுக்கு இன்னும் நெருங்கி இருப்பதால் குவால்தஷாரியைவிட வெதுவெதுப்பானது. அதே மாநிலத்தில் கொலோமே ஒயின் நிறுவனம் 3,111 மீட்டரில் கொடி வளர்க்க முடிவதற்கும் இதுவே காரணம். மெண்டோசாவில் அவ்வளவு உயரத்தில் பழம் பழுக்காது. ஒரே சரிவிலும் குளிர்ந்த காற்று கனமானதால் இரவில் தண்ணீரைப் போல இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். வசந்தகால உறைபனி தளிரைக் கருக்குவது பெரும்பாலும் அந்தப் பள்ளங்களில்தான். சற்று மேலே உள்ள கொடி தப்பிவிடும்.

மண்ணின் கதை இன்னும் நுட்பமானது. மலையிலிருந்து ஆறுகள் உருட்டி வந்து விசிறிபோல் பரப்பிய வண்டலே ஊகோ பள்ளத்தாக்கு. ஓரிடத்தில் ஆழமான வண்டல் மண், பத்தடி தள்ளிக் கூழாங்கல் குவியல், அதன் மேல் நம் ஊர்ச் சுக்கான் பாறையை ஒத்த வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு என்று அது மாறிக்கொண்டே இருக்கும். கல் நிலத்தில் நீர் நிற்காது. தாகத்தில் தவிக்கும் கொடி இலை விடுவதைக் குறைத்து, சிறிய பழங்களைக் காய்க்கிறது. கல்லின் சுவையை வேர் உறிஞ்சி ஒயினுக்குத் தருகிறது என்பது கவிதைக்கு அழகுதான். மண் வேலை செய்வது பெரும்பாலும் நீர் வழியாகவே.

மெண்டோசாவின் ஒயின் தயாரிப்பாளர் நிக்கோலாஸ் கத்தேனா 1992இல் குவால்தஷாரியில், 1,500 மீட்டரை நெருங்கும் உயரத்தில், அட்ரியானா தோட்டத்தை நட்டபோது அந்தக் குளிரில் சிவப்புத் திராட்சை பழுக்காது என்று கருதியவர்கள் உண்டு. அவர் குடும்பத்தின் ஆய்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், மெண்டோசாவின் 23 சிறு துண்டு நிலங்களின் மால்பெக் ஒயின்கள் மூன்று ஆண்டு அறுவடைகளில் ஒப்பிடப்பட்டன. ஃபீனால் சேர்மங்களின் அளவை மட்டும் வைத்தே அவற்றில் 11 துண்டுகளைப் பிழையின்றி இனங்காண முடிந்தது. ஒவ்வொரு துண்டும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவானது. அதனால்தான் அங்குள்ள உழவர்கள் இப்போது தோட்டமெங்கும் குழி தோண்டி மண் அடுக்குகளைப் பார்த்து, ஒரே வரிசைக் கொடிகளில்கூடக் கல் நிலத்துப் பழத்தை ஒரு நாளும் வண்டல் நிலத்துப் பழத்தை வேறொரு நாளும் பறித்து, தனித்தனித் தொட்டிகளில் நொதிக்க வைக்கிறார்கள்.