100-ம் 50-ம் சேர்ந்தால் ஏன் 150 ஆவதில்லை?

ஒத்தக்கடையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கிறது. மகன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் 50 வரை வேகம் தரும் சிம் ரவுட்டரும் வாங்கினோம். இரண்டையும் டூயல் வான் ரவுட்டரில் (இரண்டு இணைய லைன்களை ஏற்கும் ரவுட்டர்) மாட்டியாயிற்று. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 140 காட்டுகிறது. பெரிய ஃபைலை இறக்கினால் மட்டும் 100-ஐத் தாண்டமாட்டேன் என்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?"

ஏமாற்றவில்லை. பாவம், அந்த ரவுட்டர் தன் வேலையை ஒழுங்காகத்தான் பார்க்கிறது.

இணையத்தில் எந்த ஃபைலும் முழுசாகப் போகாது, அதிகபட்சம் சுமார் 1,500 பைட் அளவுள்ள பாக்கெட்டுகளாக நறுக்கித்தான் அனுப்புவார்கள் என்பது தெரிந்த கதை. ஒரு டவுன்லோடுக்கு அடையாளம் நான்கு எண்கள்: உங்கள் முகவரி, உங்கள் போர்ட் (அந்த முகவரிக்குள் கதவு எண் மாதிரி), சர்வரின் முகவரி, அதன் போர்ட். ஃபைபருக்கு ஒரு முகவரி, சிம்முக்கு வேறொன்று. பாதியில் லைனை மாற்றினால் சர்வர் "நீ யாரப்பா?" என்று கேட்டுத் துண்டித்துவிடும். அதனால் ரவுட்டர் ஒவ்வொரு தொடர்பையும் தொடக்கத்திலேயே ஒரு லைனில் ஏற்றிவிடும். ஏறிய பஸ்ஸிலேயே கடைசிவரை போக வேண்டியதுதான். ஸ்பீடு டெஸ்ட் ஒரே நேரத்தில் பல தொடர்புகளைத் திறக்கிறது, அவை இரண்டிலும் பரவுகின்றன. உங்கள் ஃபைல் ஒற்றை ஆள். சில பேங்க் தளங்கள் நடுவில் வெளியே தள்ளுவதற்கும் இதே முகவரி மாற்றம் காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்ட தளங்களை ஒரே லைனில் கட்டிவைக்கும் வசதி பெரும்பாலும் ரவுட்டரிலேயே இருக்கும், தேடிப் பாருங்கள்.

சரி, முகவரிச் சிக்கலை எப்படியோ தீர்த்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். பாக்கெட்டுகளை இரண்டு லைனிலும் பிரித்து அனுப்பலாமே? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மதுரையில் வைகைக்கு வடக்கே தல்லாகுளத்திலிருந்து தெற்கே மேலமாசி வீதி மண்டபத்துக்குத் தாய்மாமன் சீர் போகிறது. தட்டுகளுக்கு வரிசை எண் ஒட்டியிருக்கிறது. மண்டப வாசலில் நோட்டும் கையுமாகப் பெரியப்பா. 4-ம் தட்டு வராமல் 5-ம் தட்டை உள்ளே விடமாட்டார், ஓரமாக வைக்கச் சொல்வார். ஒவ்வொரு தட்டு வரும்போதும் மாமன் வீட்டுக்குப் போன் போட்டு "அடுத்து எனக்கு வேண்டியது 4" என்பார். 5, 6, 7 என மூன்று தட்டு வந்து மூன்று தடவையும் அவர் அதையே சொன்னால், 4 தொலைந்துவிட்டது என்று மாமன் முடிவுகட்டுவார். புதிதாக ஒரு 4-ம் தட்டை அனுப்புவார். அதோடு, பாதையில் நெரிசல் போலிருக்கிறது என்று மற்ற தட்டுகளையும் மெதுவாக அனுப்பத் தொடங்குவார்.

பாக்கெட்டுகளை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் டிசிபி என்ற நெறிமுறை அச்சு அசலாக இப்படித்தான் நடந்துகொள்கிறது. தட்டுதான் பாக்கெட், மாமன் சர்வர், பெரியப்பா உங்கள் கணினி. அந்த வேகக் குறைப்பு வீண் பயம் இல்லை. 1986-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்தில், வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக விழுந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் தள்ளியதன் விளைவு. அதை ஆராய்ந்து அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் 1988-ல் தந்த மருந்துதான் இந்த நிதானம்.

இப்போது பாதித் தட்டுகளை வைகையின் ஏ.வி. பாலத்தில் விடுங்கள் (இதுதான் ஃபைபர்), மீதியை யானைக்கல் தரைப்பாலத்தில் (இது சிம்). ஃபைபர் வழி 10 மில்லிசெகண்ட், சிம் வழி 50 என்று கொள்வோம். வித்தியாசம் 40 மில்லிசெகண்ட்தான், கண் இமைப்பதைவிடக் குறைவு. ஆனால் 100 எம்பிபிஎஸ் லைனில் நொடிக்குச் சுமார் 8,300 பாக்கெட்டுகள் வரும். அந்த 40 மில்லிசெகண்டுக்குள் 300-க்கு மேல் வந்து குவியும். 4-ம் தட்டு தொலையவே இல்லை, தரைப்பாலத்தில் வந்துகொண்டிருக்கிறது. அதற்குள் பெரியப்பா முந்நூறு தடவை போன் போட்டிருப்பார். மாமன் பயந்துபோய் வேகத்தைக் குறைப்பார். இரண்டு பாலம் இருந்தும் ஒரு பாலத்தைவிட மெதுவாகப் போய்ச் சேர்ந்த சீர்!

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் மல்டிபாத் டிசிபி. தட்டில் ஒரு எண்ணுக்குப் பதில் இரண்டு எண். ஒன்று அந்தப் பாலத்துக்கு மட்டுமான வரிசை, மற்றது மொத்தச் சீரின் வரிசை. ஏ.வி. பாலத்து எண்ணில் இடைவெளி விழுந்தால்தான் அந்தப் பாலத்தில் தட்டு தொலைந்ததாக அர்த்தம். மொத்த எண் மண்டபத்துக்குள் அடுக்குவதற்கு மட்டும். ஒரே எண்ணை வைத்துச் சமாளித்திருக்கலாமே என்று தோன்றும். வழியில் காவலுக்கு நிற்கும் ஃபயர்வால்கள் 1, 3, 7 என்று விட்டு விட்டுப் போகும் எண்களைக் கண்டால் சந்தேகப்பட்டு நிறுத்திவிடும். ஆகவே ஒவ்வொரு பாலத்திலும் 1, 2, 3 என்று நல்ல பிள்ளையாகப் போக வேண்டும். எவ்வளவு அழகான தந்திரம்!

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப்பணத்தில் பெல்ஜியத்திலும் லண்டனிலும் பல்கலைக்கழகத்து ஆட்கள் உட்கார்ந்து யோசித்தது இது. 2013-ல் ஆப்பிள் தன் குரல் உதவியாளரான 'சிரி'க்குப் பயன்படுத்தியது. "இதனால் உடனே என்ன பயன்?" என்று கேட்டு ஆராய்ச்சி விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் குழுக்களில் உள்ளவர்களும் வீட்டுக்குப் போய் நெட் ஏன் மெதுவாக இருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள்தான்.

ஒரு வில்லங்கம்: இரு முனைகளுக்கும் இந்த மொழி தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான சர்வர்களுக்குத் தெரியாது. வெளியே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, அதையே மாமன் வீடாக வைத்துக்கொள்ளலாம்; அது ஃபைலை வாங்கி இரண்டு லைனிலும் பிரித்து அனுப்பும். ஓப்பன்எம்பிடிசிபிரவுட்டர் என்ற இலவச மென்பொருள் அதற்கென்றே இருக்கிறது. ஆனால் மாதாமாதம் வாடகை, அந்த சர்வர் வழியாகக் கூடுதல் ஒரு சுற்று. என்னைக் கேட்டால் ஒத்தக்கடை வீட்டுக்கு இது வேண்டாம். மகனின் மீட்டிங் ஒரு லைனில், வீட்டு டிவி மற்றதில் என்று பிரித்துவிட்டாலே போதும்.

அதைவிட முக்கியம், ஒன்று செத்தால் மற்றது தானாக எடுத்துக்கொள்வது. வைகை அணையைத் திறந்தால் தரைப்பாலம் மூழ்கும், வண்டிகள் மேம்பாலத்துக்குத் திரும்பும், அதே மாதிரி. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஃபைபர் அறுந்தாலும் வீட்டிலிருக்கும் மோடம் உயிரோடுதான் இருக்கும், ஃபைபரில் ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் விளக்கு மட்டும் சிவப்பாக மின்னும். ரவுட்டர் மோடத்தை மட்டும் "இருக்கியா?" என்று கேட்டால் "இருக்கேன்" என்றுதான் பதில் வரும். வெளியே 8.8.8.8 (கூகுளின் சர்வர்) போன்ற முகவரியைக் கேட்டுப் பார்க்கும்படி வைக்க வேண்டும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவன் நான். மோடத்தை ஈசான மூலையில்தான் வைக்க வேண்டும் என்ற மாமனாரோடு மல்லுக்கட்டி, ஹாலின் நடுவில் மாட்டினேன். இரண்டு வெவ்வேறு கம்பெனிகளின் ஃபைபர், தானாக மாறும் ஏற்பாடு, கரண்ட் போனால் மினி யுபிஎஸ். போன ஆடியில் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று தெருமுனையில் தாழத் தொங்கிய கேபிளை இழுத்துக்கொண்டு போனது. ஓடிப்போய்ப் பார்த்தால், என் இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்தில், ஒரே முடிச்சில். இரண்டு மோடத்திலும் சிவப்பு விளக்கு. மறுநாள் ஒன்றை நிறுத்திவிட்டு சிம் ரவுட்டர் வாங்கினேன்.