பக்கத்து மேசையின் கிருமி

2003 செப்டம்பரில் சிங்கப்பூரில் 27 வயது ஆய்வு மாணவர் ஒருவருக்கு சார்ஸ் உறுதியானது. உலக அளவில் சார்ஸ் பரவல் ஜூலையிலேயே ஓய்ந்துவிட்டிருந்தது. அவர் சார்ஸில் வேலை செய்யவும் இல்லை. அவருடைய ஆய்வு வெஸ்ட் நைல் வைரஸில். விசாரித்தபோது, அவர் கையாண்ட வெஸ்ட் நைல் மாதிரியிலேயே சார்ஸ் வைரஸ் கலந்திருந்தது தெரிந்தது. ஒரே ஆய்வகத்தில் இரண்டு வைரஸ்களிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. நல்லவேளையாக அவர் பிழைத்தார், தொற்று வேறு யாருக்கும் பரவவில்லை.

பலர் பகிர்ந்துகொள்ளும் ஆய்வகத்தில் நம் கிருமியைப் பற்றி மட்டும் தெரிந்திருந்தால் போதாது. ஒரு பயோசேஃப்டி கேபினட்டில், அதாவது கிருமியோடு வேலை செய்யும் காற்றோட்டப் பெட்டியில், ஒரு நேரத்தில் ஒரே கிருமிதான் இருக்க வேண்டும். அதை எடுத்து வைத்துத் துடைத்த பிறகே அடுத்தது உள்ளே வரலாம். டியூபில் கிருமியின் பெயர், தேதி, வைத்தவர் பெயர் மூன்றும் வேண்டும். சாதாரண மார்க்கரால் எழுதினால் எத்தனால் பட்டதும் அழிந்துவிடும். பெயர் அழிந்த டியூபில் இருப்பதை அந்த அறையிலேயே மிக ஆபத்தான கிருமியாகத்தான் கருத வேண்டும்.

நம் ஆய்வகங்களில் காற்றோட்டமுள்ள மேசை, கேபினட் எல்லாவற்றையும் 'லேமினார்' என்றே சொல்கிறோம். இந்தப் பேச்சுவழக்கு உண்மையிலேயே ஆபத்தானது. லேமினார் மேசை காற்றை உங்கள் முகத்தை நோக்கி ஊதும். அது காப்பது மாதிரியை, உங்களை அல்ல. கிருமி வேலைக்கு இரண்டாம் வகை பயோசேஃப்டி கேபினட் வேண்டும். அது முன்வாயில் வழியாக நொடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் வேகத்தில் காற்றை உள்ளிழுக்கிறது. பின்னால் ஒருவர் விரைந்து நடந்தாலே அந்த ஓட்டம் கலையும். முன்பக்கச் சல்லடை மேல் நோட்டோ டிஷ்யூ பெட்டியோ வைத்தாலும் பாதுகாப்பு போய்விடும். ஓடவிட்டு ஐந்து நிமிடம் கழித்து வேலையைத் தொடங்குங்கள். உள்ளே பன்சன் பர்னர் வேண்டாம். வெப்பம் காற்றோட்டத்தைக் குலைக்கும்.

டியூப்களை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜில் டியூப் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் கிளம்பும். டியூப்களைத் தாங்கிச் சுழலும் ரோட்டர் மூடி உள்ளதாக இருக்கட்டும், அதைக் கேபினட்டுக்குள் கொண்டுபோய்த் திறங்கள். டியூப் உடைந்த சத்தம் கேட்டால் இயந்திரத்தை நிறுத்தி, 30 நிமிடம் மூடியைத் தொடாதீர்கள். அடுத்து வருபவர் தெரியாமல் திறந்துவிடாதபடி மேலே ஒரு தாளை ஒட்டுங்கள்.

கிருமிநாசினியில்தான் தவறுகள் அதிகம். 70 சதவீத எத்தனால் சீக்கிரம் ஆவியாகும், பாக்டீரியாவின் கடினமான உறங்குநிலை வடிவமான வித்துகளை அழிக்காது. சிந்தலுக்கு அதை நம்பக் கூடாது. 5 சதவீத ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து அன்றன்றே கலக்குங்கள். நேற்றைய கரைசலுக்கு வீரியம் குறைவு. ரத்தமும் வளர்ப்பு ஊடகமும் குளோரினைத் தின்றுவிடும். அதனால் திரவக் கழிவில், கலந்த பிறகும் 0.5 சதவீதம் மிஞ்சும்படி ஊற்ற வேண்டும். ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் கிட்டுகளிலும் அதற்கான டிரைசால் கரைசலிலும் குவானிடின் உப்பு உண்டு. அந்தக் கழிவில் ஹைப்போகுளோரைட் பட்டால் நச்சுவாயு கிளம்பும். ஆகவே அதற்குத் தனிப் புட்டி வையுங்கள். ஹைப்போகுளோரைட் சேர்த்த எதையும், அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது.

ஆட்டோகிளேவ் டேப்பில் கோடு கறுத்தால் சூடு பட்டது என்று மட்டுமே பொருள். பையை இறுகக் கட்டியிருந்தால் நீராவி உள்ளே நுழையாது. 121 டிகிரி காட்டினாலும் நடுவில் கிருமி பிழைத்திருக்கும். வாயைத் தளர்த்தி வையுங்கள். அவ்வப்போது வித்துகள் தடவிய சோதனைப் பட்டையைச் சுமையின் நடுவில் வைத்துச் சோதியுங்கள்.

கேபினட்டுக்கு வெளியே தரையில் சிந்திவிட்டால் மூச்சை அடக்கி, எல்லோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறுங்கள். கதவைச் சாத்தி 30 நிமிடம் காத்திருங்கள். திரும்பி வந்து, சிந்தியதன்மேல் உறிஞ்சு தாளைப் போர்த்தி, ஓரத்திலிருந்து நடு நோக்கி கிருமிநாசினியை ஊற்றுங்கள். நடுவில் ஊற்றினால் தெறிக்கும். 30 நிமிடம் ஊறவிட்டு, கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் எடுத்து, குத்தினாலும் துளைபடாத டப்பாவில் போடுங்கள். டப்பா முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுங்கள். பிறகு பொறுப்பாளரிடம் சொல்லி, பதிவேட்டில் நேரத்தோடு எழுதுங்கள். காய்ச்சல் வந்தால் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.